மிதந்தவர் சொன்ன பதில்

இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரரு வீட்ல இல்ல. கடலுக்குப் போயிருக்காரு. நீங்க உள்ள வாங்க முதல்ல, கதவச் சாத்துங்க, இந்த வாடைக்காத்து அடுப்பையே அணைச்சுரும். ஐயய்யோ, தரையில நெத்தி முட்டுற அளவுக்கு எதுக்குக் குனியிறீங்க? எழுந்திரிங்க. ஆஸ்பத்திரியிலேந்து வந்த உடம்பு. இந்தா, இந்த மெத்தையில உக்காருங்க, அடுப்புப் பக்கமா.

இது என்ன, சாக்கேயா? அரிசிச் சாராயம், இவ்வளவு பெரிய பாட்டிலா? துணியெல்லாம் சுத்தி... எதுக்குங்க இதெல்லாம். சரி, சாமி மாடத்துல வைக்கிறேன். அவரு வந்து திறக்கட்டும்.

அந்த ரேடியோவா? படகுங்களோட பேசுறது, அப்படித்தான் கொரகொரன்னு கத்தும். வேண்டாம், அணைக்க வேண்டாம். அணைக்காதீங்கன்னு சொல்றேன்ல!

கோச்சுக்காதீங்க. கத்திட்டேன். படகுக்காரன் வீட்ல அத அணைக்கிற பழக்கம் இல்ல, அவ்வளவுதான். டீ குடிங்க.

கையா? ரெண்டு விரல்ல கட்டு. விரல் இருக்கு, பயப்படாதீங்க, எங்கயும் போகல. அடுப்படியில பேச்சுச் சத்தமா? பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க. சோத்து உருண்டை புடிக்கிறாங்க. விசேஷம்லாம் இல்ல. ஆமா, நிறையத்தான் புடிக்கிறாங்க. படகுக்காரங்க நிறைய சாப்பிடுவாங்கல்ல.

உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் ஞாபகம் இல்லையா? பாறையில நின்னது? அலை வந்தது? அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியா? நடுவுல ஒண்ணுமே இல்லையா? அட கடவுளே, அப்ப நீங்க சொன்னதும் ஞாபகம் இருக்காது. நீங்க பேசினீங்க தம்பி. ஒரே ஒரு வார்த்தை. அதச் சொல்லித்தான் இந்த ஊரே சிரிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. சொல்றேன் இருங்க.

இந்தக் குளிர்காலம் பூரா எங்களுக்கு ஒரு சூரை மீன் மாட்டல. ஒண்ணு கூட இல்ல. மத்தவன் படகுல எல்லாம் ஆள் உசரத்துக்கு வந்து எறங்குது, எங்க படகு மட்டும் வெறும் கையோட வருது. மீனவர் சங்கத்துல போய் நின்னா ஆளாளுக்குக் கிண்டல். பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறான்ல, படகுச்சாமி பொறாமைப்பட்டு மீன ஒளிச்சு வச்சிருக்குன்னு ஒருத்தன் சொல்றான். படகுச்சாமி பொம்பளை தம்பி. நான் விடுவேனா? உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தா சாமி என்ன, மீனே பயந்து ஓடும்டான்னு சொல்லிட்டு வந்தேன். ஆனா இவரு அதக் கேட்டுச் சிரிக்கல. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. மனுஷன் உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிட்டாரு.

அன்னைக்குக் காத்து மோசம். போகாத நாள்தான். போனோம். சுக்கான் என் கையில, தூண்டில் அவரு கையில, கல்யாணம் ஆனதுலேந்து அப்படித்தான். ரெண்டு பக்கமும் கம்ப விரிச்சு, இரைய பின்னாடி விட்டு, படக ஓட்டிக்கிட்டே இருக்கணும். நின்னா இரை செத்த மாதிரி தொங்கும், சூரை ஏமாறாது. அலை ஒவ்வொண்ணும் வீட்டுக் கூரை உசரம். மேல ஏறும்போது நம்ம தீவு தெரியும், எறங்குனா தண்ணிச் சுவரு மட்டும்தான். பின்னாலேந்து வர்ற அலைக்கு ஓட்டம் கொஞ்சம் தப்புனாலும் படகு பக்கவாட்டுல திரும்பிரும். திரும்புனா முடிஞ்சுது கதை.

அப்ப மாட்டுச்சு. கம்பு வில்லா வளைஞ்சு, தூண்டில் நரம்பு கிர்ர்ருன்னு ஓடுது பாருங்க! இவரு மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி ஒரு சிரிப்பு இல்ல. பெருசு, பெருசுடீ, அப்படியே நேரா போன்னு கத்துறாரு. நான் நேராப் போறேன். கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, விட்டு, இழுத்து, அந்த ஆட்டத்துல கால ஊனி நின்னு மனுஷன் போராடுறாரு. மீனு களைச்சு, பக்கத்துல வர்ற நேரம்.

அலை மேல ஏறினப்ப ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு தெரிஞ்சுது. மிதவைப் பந்துன்னு நெனைச்சேன். அடுத்த அலையில ஏறுறேன், பந்துக்குக் கை இருக்கு.

கத்துனேன். காத்துல அவருக்குக் கேக்கல. திரும்பக் கத்துனேன். திரும்பிப் பாத்தாரு. நான் காட்டுன பக்கம் பாத்தாரு. அப்புறம் கையில இருந்த நரம்பப் பாத்தாரு. பொய் சொல்ல மாட்டேன் தம்பி, பாத்தாரு. ஒரு மூச்சு நேரம்தான். ஒரு குளிர்காலமே அந்த நரம்புல தொங்கிக்கிட்டு இருந்துச்சுல்ல.

அறுன்னாரு.

அவரு ரெண்டு கையிலயும் பாரம், விட முடியாது. நான் சுக்கானக் கட்டிப் போட்டுட்டு ஓடி வந்து கத்திய வச்சேன். வச்ச அவசரத்துல அறுக்குற எடத்துக்கு அந்தப் பக்கமா புடிச்சுட்டேன். மீன் பக்கம். அறுந்ததும் நரம்பு இந்த ரெண்டு விரலயும் சுத்தி இழுத்துட்டுப் போச்சு. கையுறை இருந்துச்சோ தப்பிச்சேன். உங்க மேல கோவம் வந்துச்சான்னா... வந்துச்சு. ஏன் வராது? ஃபுகுவோக்கா பட்டணத்துலேந்து கப்பல் புடிச்சு வந்து, வழுக்குப் பாறையில நின்னு, காத்து அடிக்குற அன்னைக்குத்தானா உங்களுக்கெல்லாம் மீன் புடிக்கணும்? சிரிங்க, பரவால்ல. திட்டுறதுக்கு உரிமை இருக்கு எனக்கு.

செத்த ஆளுன்னுதான் நெனைச்சோம். மூஞ்சி வெள்ளை, உதடு நீலம், தல தொங்கிப்போச்சு. கடல்ல மிதக்குற பொணத்த நாங்க பொணம்னு சொல்ல மாட்டோம், எபிசுன்னு சொல்லுவோம். மீன் குடுக்குற சாமி பேரு. பாத்துட்டுப் பாக்காத மாதிரி போனா அந்தப் படகு அதோட அவ்வளவுதான். ஏத்திக்கிட்டா மீனாக் கொட்டும். ஆனா சும்மா ஏத்தக்கூடாது, கேக்கணும். ஒருத்தர் கேக்கணும், படகுல இருக்குற இன்னொருத்தர் அந்தப் பொணத்துக்குப் பதிலா பதில் சொல்லணும். இது எங்க ஆளுங்க வழக்கம்.

ரெண்டு தடவை அலை உங்கள மறைச்சுருச்சு. மூணாவது தடவை இவரு கொக்கிக் கம்ப உங்க ஆரஞ்சு மிதவைச் சட்டைப் பட்டியில மாட்டிட்டாரு. படகு ஏறி எறங்குது, உங்க தல படகுல இடிக்குது, ஒரு கையால சுக்கான், ஒரு கையில ரத்தம் எனக்கு. இந்த மனுஷன் அந்த ஆட்டத்துலயும் தொப்பியக் கழட்டிட்டாரு. மரியாதையா கேக்குறாரு: எங்களுக்கு மீன் குடுப்பீங்களா? குடுப்பேன்னு சொன்னா ஏத்திக்கிறோம்.

நான் பதில் சொல்லணும். வாய் வரல. விரல் உயிர் போற வலி. இவரு என்னை மொறைக்கிறாரு, சொல்லுடீங்குற மாதிரி.

கீழேந்து ஒரு குரல். குடுக்குறேன்.

ஆமா, நீங்கதான்! வேற யாரு? பேய் கூட அவ்வளவு தெளிவா பேசாது. இவரு பொத்துனு பின்னால உக்காந்துட்டாரு. கம்ப விட்டுட்டாரான்னு எனக்கு உயிரே போச்சு. நல்லவேளை விடல. உசிரோட இருக்கான்டீ, உசிரோட இருக்கான்டீன்னு அழறாரு, உங்கள உள்ள இழுத்துப் போட்டு கன்னத்துல பளார் பளார்னு அறையிறாரு. நாலு அறை சேத்து விழுந்திருக்கும், அறுத்து விட்ட மீனுக்காக. நான் தடுக்கல.

சங்கத்துல எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பொணம் பேரம் பேசுன படகுன்னு எங்க சுமியோஷி மாருவுக்குப் பேரே வச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். இவரு சிரிக்கல. அந்த வாக்கு நெஜம்னு புடிச்சுக்கிட்டாரு. நான் சொன்னேன், யோவ், அந்தப் புள்ளை சாகல, அப்புறம் எங்கேந்து எபிசு, எங்கேந்து வாக்கு, குளிர்ல பேத்தியிருக்கும்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? மத்தவனுக்கெல்லாம் பக்கத்துல நிக்கிறவன் பொய்யா பதில் சொல்றான், எனக்கு மட்டும்தான் மிதந்தவரே சொன்னாரு, இத விட வாக்கு வேற என்னடீ வேணும்? போய் வாங்கிக்கலைன்னா அது அவமரியாதை.

நடுவுல காத்து விடல, வீட்லயே கெடந்தோம். இன்னைக்கு விடியக்காலைல கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருந்துச்சு. என் விரல் ஆறட்டும், சேந்து போவோம்னேன். கேக்கல.

ஆமா, தனியாத்தான்.

மிதவைச் சட்டை போட்டிருக்காரு, போட்டிருக்காரு. நான்தான் முதுகுப் பட்டிய இந்த ஒரு கையால மாட்டி விட்டேன். வலிக்குதாடீன்னு கேட்டாரு. சாயங்காலம் பெரிய மீனோட வர்றேன், சங்கத்துல போய் நில்லுன்னாரு.

வரும்போது துறைமுகத்துல ஒரு படகு கூட இல்லையேன்னு பாத்தீங்களா? பாத்திருப்பீங்க. இந்தக் காத்துல எவன் மீன் புடிக்கப் போவான் தம்பி? எல்லாம் அவரத் தேடித்தான் போயிருக்கு. உங்க கப்பல் கரை சேந்துச்சே, கிட்டத்தட்ட அந்த நேரத்துலதான் சுமியோஷி மாரு கெடைச்சுது. இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சாம், தன்னால வட்டம் போட்டுக்கிட்டு. பின்னால தூண்டில்ல சூரை மாட்டியிருந்துச்சு. இந்த மேசைய விட நீளமாம். நீங்க சொன்ன வாக்கு தவறல. படகுலதான் அவரு இல்ல.

எழுந்திரிக்காதீங்க. உக்காருங்கன்னு சொல்றேன். உங்க மேல பழி போடவா இவ்வளவு நேரம் பேசினேன்? பேசாம உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும், அதான் பேசினேன். அழாதீங்க. நான் அழறேனா?

என் கொழுந்தன் சதாயுகி, தேடுறதுல முன்னால போற படகுல இருக்கான். நீங்க கதவத் தட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரேடியோல கூப்பிட்டான். அண்ணி, அண்ணனக் கண்டா நான் என்ன செய்யட்டும்னான். எனக்குப் புரிஞ்சுது. அண்ணன்கிட்ட, மீன் குடுப்பீங்களாங்குற அந்தக் கேள்வியக் கேக்கவா வேண்டாமான்னு கேக்குறான்.

கேளுடான்னு சொல்லிட்டேன். தொப்பியக் கழட்டிட்டு, நல்லா சத்தமா கேளு. ஆனா படகுல ஒருத்தனும் பதில் சொல்லக்கூடாது. எல்லாரும் வாய மூடிக்கிட்டு நில்லுங்க. அவரே சொல்லுவாரு.

நீங்க சொன்னீங்கல்ல?