குயவன் பிள்ளையின் சட்டை

இந்த வருஷம் முள்ளங்கி நல்ல விளைச்சல், ஐயா. அதைப் பத்திக் கேட்டா சாயங்காலம் வரைக்கும் பேசுவேன். இந்த விசாரணையில நீங்க கேக்கறது சட்டையைப் பத்தி. சரி, சொல்றேன்.

என் பேரு சம்வோல். யுன் வீட்டு அடிமை. எங்க அம்மா அடிமை, அதனால நான் அடிமை. நான் பெத்ததால என் மக ஒக்தானும் அடிமை. எஜமானோட பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. பெட்டி, பட்டு, பாத்திரத்தோட சீதனமா என் மகளும் போகணும்னாங்க. மாப்பிள்ளை ஊரு பத்து நாள் நடை. போனா அவ மூஞ்சியை நான் மறுபடி பார்க்கப்போறதில்ல. பன்னிரண்டு வயசு ஐயா அவளுக்கு.

அடுத்த ஊர்ல குயவன் பிள்ளைக்குப் பெரியம்மை போட்டிருந்துது. எனக்குச் சின்னதுலயே வந்து போயாச்சு, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும். போயி அந்தப் பிள்ளை போட்டிருந்த சட்டையைக் கேட்டு வாங்கிட்டு வந்து, என் மகளுக்குப் போட்டுவிட்டேன். மூஞ்சியில தழும்பு விழுந்தவளைச் சீதனமா அனுப்பமாட்டாங்க. நாலு தழும்பு போதும்னுதான் நெனச்சேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்துச்சு. அம்மையை நம்ம பக்கம் விருந்தாளின்னுதானே சொல்வோம்? அது தங்கின உடம்பு யாருதா இருந்தாலும் கும்பிட்டாகணும். என் மகளை நாய்க்குட்டின்னு கூப்பிட்ட எஜமான், அவ முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு.

"விருந்தாளி, ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"பேரிக்காய்"னா அவ.

மனுஷன் செருப்பு கூடப் போடாம ஓடினாரு. "தோல் சீவித் தரணுமாம், எஜமான்"னு நானும் ஒண்ணு சேர்த்துவிட்டேன். பாவாடையை வாயில அடைச்சிக்கிட்டுச் சிரிச்சேன். அது தப்புதான்.

சின்ன எஜமானி, அதான் அந்தக் கல்யாணப் பொண்ணு, அம்மை தொத்திச் செத்தது நான் எதிர்பார்க்காதது. கூட வளர்ந்தவளாச்சேன்னு, யாருக்கும் தெரியாம வந்து என் மகளைக் கட்டிப்பிடிச்சிருக்கா. அதுக்கு வருத்தம்தான், எழுதிக்கோங்க.

ஒக்தான் பிழைச்சிட்டா. கண்ணு ரெண்டும் போச்சு. போனா என்ன, நான் இல்லையா? ஊட்டிவிடறேன், தலை வாரிவிடறேன். இனிமே அவளை எவன் கேப்பான்? தலை வாரும்போது ஒரு நாள் சட்டை விஷயத்தை அவகிட்ட மட்டும் சொன்னேன். அவ மேல எனக்கு எவ்வளவு ஆசைன்னு தெரியவேண்டாமா? அவ எழுந்து, சுவரைத் தடவித் தடவி, நேரா எஜமான் அறைக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டா.

யாரோ தூண்டிவிட்டிருக்காங்க ஐயா. விசாரணையைச் சீக்கிரம் முடிச்சு என்னை வீட்டுக்கு அனுப்புங்க, நான் ஊட்டலைன்னா அவ சாப்பிடமாட்டா.