மாட்டுத்தலை வைத்தியனைத் தேடி வந்தவன்

என் பெயரும் இப்போது தங்கியிருக்கும் இடமும் பாதுகாப்புக் கருதித் தனித்தாளில் எழுதப்பட்டு, உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது எழுபத்து மூன்று. எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. முப்பத்தெட்டு வருடம் பொது மருத்துவமனையில் வார்டு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நோயாளியைத் தூக்குவதும், தள்ளுவண்டியில் தள்ளுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும் என் வேலை. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை என்று ஒரே மகள். ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்வதை எழுத்தர் எழுதுகிறார். நான் சொன்ன வரிசை மாறாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

மனைவி இறந்த பிறகு மகள் வீட்டில் போய் இருந்தேன். மருமகன் லிப்ட் மெக்கானிக். அவரும் என் மகளும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பல ஊர் ஆட்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரே காட்டுக்குள் ஒன்றாகத் திரிந்து பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டு. எனக்கு முழங்கால் போய், வெளியே நடக்க முடியாமல் இருந்ததால் மருமகன்தான் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். உள்ளே போகும் முன் முதலில் என்ன பிறப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் பிறகு என்ன தொழில் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்டுவிட்டுப் பிறக்க வைக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மேல் வரிசையில் பிறப்புகளின் படம், கீழ் வரிசையில் தொழில்களின் படம். நான் மேலே மூன்றாவதைத் தொட்டேன். மாட்டுத்தலையும் மலை போன்ற உடம்பும் உள்ள இனம். அதன் பிறகு கீழே ஐந்தாவதைத் தொட்டேன். வைத்தியன்.

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, எருமைக்கு டாக்டர் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருக்கு. இந்த இனத்துக்குக் கோடாலி கொடுத்தா ஊரையே அழிக்கும். வைத்தியத்துக்கு மூளை வேணும், இதுக்கு அது கம்மி" என்றார். "மாப்பிள்ளை, ஆளைத் தூக்கிப் பாத்தவன் சொல்றேன். பெரிய உடம்புக்காரன்தான் வலிக்காமத் தூக்குவான்" என்றேன். அதன் பிறகு ஒரு கொம்பை ஒடித்து, நெற்றியில் வெள்ளைத் திட்டு வைத்துக்கொண்டேன்.

மருமகனுக்கு அதில் ஆறு ஆட்கள் இருந்தார்கள். ஒன்று சலித்தால் இன்னொன்று. அதை ஆல்ட் என்பார்கள். எந்தப் பிறப்போடு எந்தத் தொழிலைச் சேர்த்தால் எவ்வளவு பலம் கூடும் என்று ஒரு நோட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தார். மாட்டுத்தலையும் வைத்தியமும் சேருகிற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். "இப்படி எடுக்கிற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மாமா" என்று என்னிடம் காட்டியும் இருக்கிறார்.

அவர் ஆடுவது முன்னால் நின்று அடி வாங்கும் வீரன். அடிபட்டு உயிர் குறையும்போது நான் கையை உயர்த்தி வைத்தியம் போட வேண்டும். குறிப்பிட்ட தூரத்துக்குள் நின்றால்தான் அது பலிக்கும். நான் கையை உயர்த்தியதும் அவர் மூன்றடி பின்னால் போய், இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து நிற்பார். வைத்தியம் வீணாகிவிடும். "பிடிங்க பாப்போம் மாமா" என்பார். வேடிக்கை என்று நானும் சிரித்திருக்கிறேன்.

அதன் பிறகு போன வருடம் ஒரு நாள் காலையில் என் மகளின் முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு இருந்தது. தானாகப் பட்டது என்றாள். அச்சின் கூர்முனை அவள் முழங்கையைப் பார்த்து இருந்தது. முப்பத்தெட்டு வருடம் காயம் பார்த்தவனுக்கு அது தானாகப் பட்டதல்ல, எதிரே நின்ற ஆள் வைத்தது என்று தெரியும். நான் கொண்டுவந்த களிம்பை மருமகன் பிடுங்கித் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, அவள் எட்டி எடுக்க வரும்போதெல்லாம் பின்னால் நகர்ந்தார். "பிடி பாப்போம்" என்றார். இதற்கு மேல் 'அவர்' என்று எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, அவன் வேலைக்குப் போன பிறகு, ஒரு பையும் என் மருந்துகளும் மட்டும் எடுத்துக்கொண்டு நானும் மகளும் புறப்பட்டு வேறு ஊருக்கு வந்தோம். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மகள் மருத்துவமனைத் துணி தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளைக் கண்டுபிடித்த அன்றே கொன்றுவிடுவதாக அவன் அனுப்பிய இரண்டு குரல் பதிவுகள் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டுள்ளன. அதன் பிறகு அவள் போன் எண்ணை மாற்றினாள்.

அந்த ஊரில் எங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. பகல் முழுவதும் அறையில் தனியாக இருந்தேன். விளையாட்டு வேண்டும் என்று கேட்டது நான்தான். அவள் மாட்டேன் என்றாள். ஏழு மாதம் கேட்டேன். அதன் பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, புதுக் கணக்கு திறந்து, தனக்குத் தாடி வைத்த குள்ளனை எடுத்து, கையில் சம்மட்டியைக் கொடுத்தாள். முன்பு அவள் கூர்க்காது இனம், வெள்ளை முடி, மந்திரக்காரி. "ஏம்மா இந்தக் கோலம்?" என்று கேட்டதற்கு, "தாடிக்காரன் பின்னாடி எவனும் வரமாட்டான்ப்பா" என்றாள். எனக்கு ஒரு கூர்க்காது வில்லாளியை எடுத்துக் கொடுத்தாள். "பழைய மாதிரி மட்டும் எடுத்துடாதீங்கப்பா. மைக்குல பேசவும் பேசாதீங்க" என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் சரி என்றேன்.

வில் எனக்குக் கைவரவில்லை. எங்கோ நின்று அம்பு விடுகிறவனை யாரும் தேடுவதில்லை. பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, அவள் வேலைக்குப் போன பிறகு இன்னொரு ஆளை நானே உண்டாக்கினேன். எழுத்து தெரியாததால் படம் இருக்கும் இடத்தைத்தான் என் விரல் நினைவு வைத்திருந்தது. மேலே மூன்றாவது, கீழே ஐந்தாவது. நெற்றியில் வெள்ளைத் திட்டு. ஒரு கொம்பு ஒடிந்தது. கோடிப் பேர் திரிகிற காட்டில் ஒரு மாட்டை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெயருக்கு எதையோ தட்டி வைத்தேன். அது என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை சுண்டைக்காய் வந்தான். அது நான் வைத்த பெயர். என் மாட்டின் முழங்கால் உயரம்கூட இல்லாத சிற்றினம். ஒளிந்து நின்று முதுகில் குத்தும் தொழில். ஏதோ எழுதி அனுப்பினான். "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது" என்று மைக்கில் சொன்னேன். அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டான். தினமும் வருவான், குனிந்து வணக்கம் வைப்பான், பக்கத்தில் உட்காருவான். வாய் பேச முடியாத பிள்ளை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன். பேசாதவனிடம்தான் மனிதன் அதிகம் பேசுகிறான். தவளை தன் வாயால் கெட்ட கதைதான் என்னுடையது.

முப்பத்தொரு நாள் பேசினேன். கீழே டயர் கடை என்றும், காற்றடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்கிறதா என்றும் கேட்டேன். மாடிப்படிக் கைப்பிடிக்கு நீலம் அடித்தார்கள், கையெல்லாம் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். மகள் ஐந்தரைக்கு வருவாள், மழை பெய்தால் ஆறு என்று சொன்னேன். கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. ஊர் பெயரையும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் நாள், புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு ஒரு சேற்று நிலத்தில் சுண்டைக்காய்க்கு முதல் முறையாகப் பலமாக அடிபட்டது. ஒளிந்தே இருப்பவன் என்பதால் அதுவரை அவனுக்கு நான் வைத்தியம் போட நேர்ந்ததில்லை. கையை உயர்த்தினேன். அவன் மூன்றடி பின்னால் போனான். இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினான். மறுபடி வந்து நின்றான்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி நனைந்தது. அதையும் எழுதச் சொன்னேன்.

எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதில், படித்தவர்கள் தலைக்கு மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வார்கள், எனக்கு அது கிடையாது, நடையும் கை வீச்சும்தான் எனக்கு ஆள், நாய் வாலை எந்த உடம்பில் கொண்டுபோய் ஒட்டினாலும் அது வளைந்துதான் நிற்கும் என்று சொன்னேன்.

உடனே எழுந்து போனால் கண்டுகொண்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, "என்ன தம்பி, விளையாட்டுக் காட்டுறே" என்று சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை. அவன் குனிந்து வணக்கம் வைத்தான்.

அன்று மாலை மகளிடம் நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அந்த இரண்டு மாலையும் அவள் படியேறி வரும் வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். வெள்ளிக்கிழமை காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அவன்தான்னு எப்படிப்பா தெரியும்?"

"மூணடி பின்னாடி போனான்மா. சுத்தினான்."

ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். "எத்தனை நாளா?" என்று கேட்டாள். சொன்னேன். திட்டவில்லை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நான் என்னென்ன பேசினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நான்கு பக்கம் வந்தது. தாழ்ப்பாளைப் பற்றி நான் சொன்னபோது மட்டும் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

அதன் பிறகு இருவரும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம். ஏட்டு கேட்டுவிட்டு, "ஏன் பெரியவரே, சுண்டைக்காய் மூணடி பின்னாடி போனான்னு எந்தப் பிரிவுல கேஸ் போடுறது? அந்த எருமையையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எருமை நான்தாங்க ஐயா" என்றேன். அப்போது உள்ளே வந்த பெண் உதவி ஆய்வாளர் அந்த நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். என் மகளை வீட்டுக்குத் திரும்ப விடவில்லை. அங்கிருந்தே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். அவள் காலில் செருப்பும் கையில் ஒரு குடையும் மட்டும் இருந்தன.

சனிக்கிழமை அந்தப் பெண் அதிகாரி என் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார். எங்கள் ஜன்னலுக்கு எதிரே ரயில் நிலையம். அந்த ஒரு நிமிடத்தில் ஒலிபெருக்கி ஊர் பெயரை மூன்று முறை சொன்னது. "கேட்டீங்களாப்பா?" என்றார். எட்டு மாதத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததால் என் காதில் அது விழுவதே இல்லை.

அதன் பிறகு அவர் பக்கத்தில் இருக்க, நான் விளையாட்டில் நுழைந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மகள் தபால் நிலையத்துக்குத் தனியாகப் போவாள் என்று சுண்டைக்காயிடம் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 'தனியாக' என்ற சொல்லில் குரல் உடைந்தது. அவன் குனிந்து வணக்கம் வைத்தான்.

திங்கட்கிழமை தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு வண்டிக்குள் என்னை உட்கார வைத்தார்கள். நான்கு காவலர்கள் சாதாரண உடையில் நின்றார்கள். பன்னிரண்டு மணி வரை அவன் வரவில்லை. பன்னிரண்டு பத்துக்கு டயர் கடைக்காரர் போன் செய்தார். "பெரியவரே, லிப்ட் ரிப்பேர் பாக்குறவரு உங்க மாப்பிள்ளையாமே, சொல்லவே இல்லை? சாவி மறந்துட்டேன்னு மேல போனாரு, இப்பத்தான் இறங்கிப் போறாரு. தங்கமான மனுஷன். எனக்கே குனிஞ்சு வணக்கம் வச்சாரு" என்றார்.

வண்டி போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. தாழ்ப்பாளை உடைக்கவில்லை, கழற்றியிருந்தான். நான்கு திருகாணிகளையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தான். எதுவும் திருடு போகவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் வில்லாளியையும் மாட்டையும் அழித்துவிட்டான். தாடிக் குள்ளனை மட்டும் விட்டுவைத்திருந்தான். அது யார் என்று இனி அவனுக்குத் தெரியும்.

அவன் இன்னும் பிடிபடவில்லை. அதிகாரிகள் சொன்னபடி அதே மாட்டுத்தலை வைத்தியனை மறுபடி உண்டாக்கி, செவ்வாய் முதல் நேற்று வரை நான்கு நாள் இந்த நிலையத்தில் உட்கார்ந்து ஆடினேன். ஏழு புது ஆட்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அடிபடும் வரை காத்திருந்து கையை உயர்த்தினேன். ஏழு பேரும் அசையாமல் நின்று வைத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் அவன் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அன்று என் சிரிப்பைக் கேட்டவன், அசையாமல் நிற்கவும் கற்றுக்கொண்டிருப்பான்.

என் மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டதில், எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். அவளோடு போனிலும் பேசுவதில்லை. அவள் நலமாக இருந்தால், பெண் உதவி ஆய்வாளர் காலை ஒன்பதரைக்கு என்னைக் கடந்து போகும்போது ஒரு முறை தலையை அசைப்பார் என்று ஏற்பாடு. இதுவரை ஏழு நாள் அசைத்தார். இன்று சனிக்கிழமை, மணி பதினொன்று ஐம்பது. அவர் இன்னும் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. எழுத்தர் இரண்டு முறை உரக்க வாசிக்கக் கேட்டேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை, எனக்கு அவமானமானதையும் குறைக்கவில்லை.

இடது கைப் பெருவிரல் ரேகை.