சந்துக்கு நடுவில் நட

— ஐயையோ, அதுக்குக் கீழ போகாதே மெங்! மேல பாரு, கம்புல யாரோட கால்சட்டையோ காயுது. அதுக்கடியில புகுந்து போனா நாள் பூரா வெளங்காது.

— சரி, ஹூ அக்கா. எங்க கைஃபெங்ல இதெல்லாம் யாரு பாக்கறா?

— இது வூஹான், கண்ணு. என் வீட்டு மாடிக்குக் குடிவந்து மூணு வாரமாச்சு, இன்னும் கைஃபெங்லயே இருக்கே. கேட்டுக்கோ. இங்க காலைல நூடுல்ஸை உக்காந்து சாப்பிடறவன் சோம்பேறி. கிண்ணத்தைக் கையில வாங்கு, எள்ளு விழுதை நல்லாக் கிளறு, நடந்துகிட்டே தின்னு.

— நேத்து அந்த நூடுல்ஸ்காரம்மா என்னை அடிக்கவே வந்துட்டாங்க.

— அடிக்க வரலடி, வெங்காயத்தாள் வேணுமான்னு கேட்டிருப்பா. எங்க ஊர்ல கொஞ்சினாலும் சண்டை மாதிரிதான் இருக்கும்.

— அப்ப நானும் கத்திப் பழகணும்.

— பழகிக்கோ. அப்புறம், ஆத்தைக் கடக்க பஸ்ஸுக்கு நிக்காதே, படகுதான் சீக்கிரம். தாமரைக்கிழங்கு சேறு ஒட்டினதா பாத்து வாங்கு. வெள்ளை வெளேர்னு இருந்தா எதையோ போட்டுக் கழுவியிருப்பான்... எங்க ஒதுங்குறே? நடுவுல நட.

— நடுவுல ஏதோ கறுப்பா கொட்டிக் கெடக்கு, அக்கா.

— சேறுதான். ஓரமெல்லாம் மீன்கடைத் தண்ணி ஓடுது பாரு, வழுக்கிடும்.

— முன்னால போன பள்ளிக்கூடப் பசங்க அதைத் தாண்டிக் குதிச்சாங்களே. ஸ்கூட்டர்காரர்கூட சுத்திப் போறார்.

— அவங்களுக்கு அவசரம். வா, கையைக் குடு. ஆங், அப்படித்தான். ரெண்டு காலையும் வை. நல்லா அழுத்தி வை.

— வச்சுட்டேன். நாலு நாளா வச்சுகிட்டுதானே இருக்கேன். உங்க மகன் எப்படி இருக்கான்?

— நேத்து அவனா கஞ்சி கேட்டுக் குடிச்சான்! மூணு வாரமா சாயங்காலமானா கொதிக்கிற உடம்பு, நேத்து கொதிக்கல. பெரிய ஆஸ்பத்திரில பதினோரு டெஸ்ட் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. ஒம்பது வயசுப் புள்ள கண்ணெதிர உருகினா பெத்தவ என்னதான் செய்வா, சொல்லு?

— எதை வேணா செய்வா.

— ...ஏன் நின்னுட்டே?

— மூச்சு வாங்குது. நேத்து சாயங்காலம் எனக்குக் காய்ச்சல், அக்கா.

— எத்தனை மணிக்கு?

— அஞ்சரை இருக்கும்.

— அது அவனுக்கு வர்ற நேரமாச்சே...

— ஆமா. அப்புறம் இருமல். என் தொண்டையிலேருந்துதான் வந்துச்சு. ஆனா சத்தம் மட்டும் என்னோடது இல்ல. சின்னப் பையன் இருமற சத்தம்.

— போதும், சொல்லாதே!

— என் வீட்டுக்காரர் எழுந்து உக்காந்துட்டார். கீழ வீட்டுப் பையன் எப்ப நம்ம ரூமுக்குள்ள வந்தான்னு கேக்கறார்.

— சொல்லாதேன்னேன்ல!

— ஏன் அழறீங்க?

— சேறு இல்ல மெங் அது. எம்மகனுக்குக் காய்ச்சற மருந்தோட சக்கை. விடியறதுக்குள்ள நான்தான் கொண்டாந்து கொட்டறேன். மிதிக்கிறவங்க காலோட நோயும் போயிடும்னு சொல்வாங்க. இந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் மிதிக்க மாட்டாங்க. நீ வெளியூரு, ஒண்ணும் தெரியாதவ. ஊரைக் காட்டறேன்னு சொல்லி தினம் இந்த வழியாவே இழுத்துட்டு வந்தேன். பாவி நான்! திரும்பு, வீட்டுக்குப் போலாம். உன் காலை நானே கழுவி விடறேன்.

— வேண்டாம், அக்கா. இந்த வாசனை எனக்குத் தெரியாதா? கைஃபெங்லயும் தெருவுலதான் கொட்டுவோம்.

— தெரிஞ்சேவா மிதிச்சே? நாலு நாளும்? ஒரு பொண்ணைப் பெத்து வச்சிருக்கே, பைத்தியமா உனக்கு?

— இப்ப ஓடியாடற அந்தப் பொண்ணுக்கு அப்ப நிக்கக்கூட முடியல, குடிவந்த அன்னிக்கு அவளைத் தூக்கிட்டுத்தான் மாடி ஏறினேன்; மறுநாள் விடியக்காலை அவ மருந்துச் சக்கையை உங்க வாசப்படியில கொட்டிட்டு ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருந்தேன், முதல்ல ஓடி வந்து மிதிச்சது உங்க மகன்.