தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணும் ஒரு வாய்த் தண்ணீரும்

அவை நிறைந்து அமர்ந்திருக்கும் ஆன்றோரே! தலைமை இருக்கைக்குத் தம் தகைமையால் பெருமை சேர்க்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே! கற்றல் விளைவுகள் என்னும் கனத்த கோப்பைக் கண் துஞ்சாமல் எழுதி முடித்து, களைத்த முகத்தோடும் கலையாத புன்னகையோடும் வீற்றிருக்கும் செவிலியத் துறைத்தலைவி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறைத்து முறுவலிக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! பெற்ற பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவிட்டு, கையில் ஒரு தொழில் ஏறிவிடாதா என்று காத்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! மின்விசிறிக்கு நேர் கீழே மிகச் சரியாக இடம் பிடித்துக்கொண்ட என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தமிழாசிரியனின் நடுங்கும் வணக்கம்.

நடுங்கும் வணக்கம் என்றது அடுக்குமொழிக்காக அல்ல. என் கையைப் பாருங்கள், ஒலிவாங்கிக் கம்பியே ஆடுகிறது. இதோ, கைப்பேசியையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். மேடையில் கைப்பேசி வைப்பது மரியாதை இல்லை என்று மாணவர்களிடம் முழங்கியவன் நான்தான். இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது மணி அடித்தால் எடுப்பேன். அடிக்காதவரை நான் பேசுவேன். அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் பேசுவேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். என் வீட்டில் இந்த நேரம் என் அக்காவுக்கு மதிய உணவு ஊட்டும் நேரம்.

என் அக்காவின் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது. குரல் தெரியும். நம் பேருந்து நிலையத்தில் ஆண்டுக்கணக்காக அறிவிப்பாளராக இருந்தவள் அவள். 'பயணிகள் கவனத்திற்கு' என்று அவள் தொடங்கினால் ஓடுகிற பேருந்தும் ஒருகணம் நின்று கேட்கும். ஆமாம் அம்மா, நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அதே குரல்தான். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அவள் வலப்பக்கம் விழுந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டது. என்னைத் திட்டுகிற அளவுக்கு மீண்டது, அதுவே எனக்குப் போதும். ஆனால் விழுங்குவது மீளவில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரு மிடறு தண்ணீர் என்பது நினைத்துப் பார்க்கவும் தேவையில்லாத காரியம். அவளுக்கு ஒவ்வொரு மிடறும் கம்பிமேல் நடப்பது. கொஞ்சம் தவறினால் உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

நான் பகலெல்லாம் இங்கே இலக்கணம் நடத்துகிறேன். வீட்டில் யார் பார்ப்பது? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று, நம் கல்லூரியிலேயே படித்துத் தேறிய ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டேன். நல்ல பெண். நேரம் தவறாத பெண். உணவூட்டும் பாடத்தில் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். அக்கா அவளுக்குப் பெயரே 'தொண்ணூற்றெட்டு' என்று வைத்துவிட்டாள். "தொண்ணூத்தெட்டு, ஜன்னலைத் திற. தொண்ணூத்தெட்டு, அந்த மிச்ச ரெண்டு மார்க்கை எங்கடி போட்டுட்டு வந்தே?" என்று ஒரே கேலி. நானும் சிரித்தேன். எங்கள் கல்லூரிப் பெண் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் நான் பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் குரல் கேட்கிறது. தேர்வுத் தாளில் எழுதுவதுபோல் அத்தனை அழகான தமிழ்! "நோயாளி நிமிர்ந்து அமர்ந்திருத்தல் வேண்டும். தாடை சற்றே முன்தாழ்ந்திருத்தல் வேண்டும். ஒருமுறைக்கு ஒரு சிறு வாய் மட்டுமே அளித்தல் வேண்டும்." ஆகா, தமிழாசிரியன் மனம் குளிர்ந்தது! அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் இருமல் கேட்டது. ஓர் இருமல். பிறகு இருமக்கூட முடியாத ஒரு சத்தம்.

ஓடினேன். என்ன கண்டேன்? என் அக்கா தலையணையில் மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் ஒரு கையில் தண்ணீர்க் குவளை. வாய் மட்டும் இன்னும் விதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிமிர்த்த வேண்டும் என்று சொல்கிறாள், நிமிர்த்தவில்லை! சிறு வாய் என்று சொல்கிறாள், குவளை பாதி காலி! அக்காவைத் தூக்கி உட்கார வைத்து முன்னால் சாய்த்துப் பிடித்தேன். அவள் முகம் இருண்டுபோய், பிறகு மெல்ல மெல்ல மூச்சு வந்தது. அந்த இடைவெளியில் நான் எத்தனை தெய்வங்களை அழைத்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டி, ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தாள்.

கோபம் வந்ததா என்று கேளுங்கள். வந்தது! மருத்துவமனை நடைவழியில் அந்தப் பெண்ணைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உனக்கெல்லாம் யாரும்மா தொண்ணூத்தெட்டு போட்டது?" என்றேன். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்.

"சார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினேன் சார். செஞ்சு காட்டுன்னு யாருமே கேக்கலையே. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தருக்காவது நான் ஊட்டிப் பார்த்திருக்கணும்னு எனக்கே தெரியாது சார்."

அவையோரே! அந்தச் சொல் என் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. பெற்றோரே, அது உங்கள் வீட்டுப் பெண். படிக்கச் சொன்னோம், படித்தாள். எழுதச் சொன்னோம், எழுதினாள். விளக்கச் சொன்னோம், என் அக்கா மூச்சுத் திணறும்போதும் விளக்கிக்கொண்டே நின்றாள்! அவள் எங்கே தவறினாள்? நாம் கேட்டதை எல்லாம் கொடுத்தவள் அவள். கேட்க வேண்டியதைக் கேட்கத் தவறியது யார்?

(என்ன முதல்வர் ஐயா? நேரம் ஆகிறதா? தெரியும் ஐயா. மேடைக்கு வந்த தமிழாசிரியனும் வீட்டுக்கு வந்த மாமனாரும் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.)

இன்று பிற்பகல் நாம் வாக்களித்து நிறைவேற்றப்போகும் கோப்பு இதோ என் கையில் இருக்கிறது. உணவூட்டும் பாடத்தின் கற்றல் விளைவு என்ன? அதாவது, பாடம் முடித்த மாணவரால் என்ன முடியும்? படிக்கிறேன். 'நோயாளிக்குப் பாதுகாப்பாக உணவூட்டும் முறையை மாணவர் விளக்குவார்.' அவ்வளவுதான். விளக்குவார்! அடுத்த பக்கம், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது. 'முக்கியத்துவத்தை உணர்வார்.' உணரட்டும் ஐயா, உணரட்டும். உணர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் நோயாளி திரும்பிவிடுவாரா? அதற்கடுத்த பக்கம், கை கழுவுவது. 'அறிந்துகொள்வார்.' அறியாதவர் யார்? கழுவாதவர் யார் என்பதல்லவா கேள்வி!

இந்த வரிகள் எப்படிப் பிறந்தன தெரியுமா? நம் வழக்கம் நமக்குத் தெரியும். கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வருகிறது என்றதும் ஆசிரியர் அறையில் பழைய வினாத்தாள் கட்டை அவிழ்ப்போம். இருக்கிற கேள்விகளைப் பார்த்து, அதற்கு ஏற்றபடி விளைவுகளை எழுதுவோம். கேள்வி 'விளக்குக' என்றால் விளைவு 'விளக்குவார்'. முடிந்தது வேலை, வந்தது தேநீர்! சட்டையைத் தைத்து மாட்டிவிட்டு, அதில் நுழைகிற ஆளைத் தேடுகிற கதை இது. பிள்ளை வெளியே போய் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டு, அதைக் கண்ணால் காண்பதற்குத் தேர்வு வைப்பதல்லவா முறை?

ஐயோ, அடிக்கிறது. மன்னியுங்கள், ஒரு நொடி. "ஹலோ? சொல்லும்மா... யாரு? மனையா? எனக்கு மனை வேண்டாங்க, போனை வைங்க!"

சிரியுங்கள், சிரியுங்கள். வீட்டுமனை விற்கிறார்களாம். எனக்கு இங்கே உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீர் கொடுங்கள் தம்பி. நன்றி. பாருங்கள், ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். எத்தனை பெரிய வரம் இது!

விட்ட இடத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார். அந்தப் பெண் அவரிடம் போய்த் தானே கேட்டாள், "எனக்குக் கத்துக்குடுங்க மேடம், நான் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போகணும்" என்று. நான் வேண்டாம் என்றேன். வேறு ஆள் பார்க்கலாம் என்றேன். அக்கா கட்டிலிலிருந்து கண்ணை உருட்டினாள். "அவளே வரட்டும். பயந்தவதான் இனிமே பார்த்துச் செய்வா" என்றாள்.

தெரபிஸ்ட் அம்மா விளக்கவே இல்லை. "உட்கார வை" என்றார். வைத்தாள். "இது உட்கார்றதா? சரியுது பாரு, இடுப்புக்குத் தலையணை குடு" என்றார். கொடுத்தாள். ஒரு சிறு கரண்டி மசித்த உருளைக்கிழங்கு. "ஊட்டு. இப்போ தொண்டையைப் பாரு, ஏறி இறங்குதா? இப்போ பேச வை. குரலைக் கேளு. கரகரன்னு ஈரமா கேட்டா நிறுத்து. தெளிவா கேட்டாத்தான் அடுத்த கரண்டி." முதல் நாள் தவறாகச் செய்தாள். அடுத்த நாளும் தவறினாள், ஆனால் தவறியது அவளுக்கே தெரிந்தது. பிறகு ஒருநாள், அக்கா ஒரு வாய் விழுங்கிவிட்டு ஏதோ சொல்ல, இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "குரல் சரியில்லம்மா, கொஞ்சம் இருமுங்க" என்றாள். எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது!

அதுதான் அவையோரே, கற்றல்! அதுதான் அதன் விளைவு! அதை ஒரு வரியில் எழுத முடியாதா? இதோ, நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். 'விழுங்கச் சிரமப்படும் ஒருவரை மாணவர் நிமிர்த்தி உட்கார வைப்பார். ஒவ்வொரு வாயும் விழுங்கப்பட்டதைப் பார்த்து, குரல் தெளிவாக இருப்பதைக் கேட்ட பின்னரே அடுத்த வாய் ஊட்டுவார். இருமினாலோ குரல் மாறினாலோ உடனே நிறுத்தி உதவிக்கு அழைப்பார்.' இதில் அலங்காரம் இல்லை. எதுகை இல்லை, மோனை இல்லை. தமிழாசிரியன் எழுதியதாக யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிற எவரும், செய்தாளா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பயிற்சிக்குப் பிறகு இன்று அவள் முதன்முறையாகத் தனியாக ஊட்டுகிறாள். தெரபிஸ்ட் அம்மா சரி என்று சொல்லிவிட்டார். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். நான்தான் இங்கே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பயம். அதை மறைக்க எந்த அணியிலக்கணமும் உதவவில்லை.

ஆனால் என் பயம் என் ஒரு வீட்டுக்கானது. கோப்பில் உள்ள அந்த 'விளக்குவார்' வரி இப்படியே அச்சாகிப் போனால், இங்கே மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருக்கும் இத்தனை பேரும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போவார்கள். எத்தனை கட்டில்கள்! எத்தனை குவளைகள்! அங்கெல்லாம் பக்கத்து அறையில் பொத்தான் போட்டுக்கொண்டு ஒருவன் இருப்பான் என்று யார் உறுதி சொல்வது? சொல்லுங்கள், யார்?

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். பிற்பகலில் இந்த வரியை மாற்ற அதே கையைத் தூக்குங்கள், எனக்கு அது போதும்.

துறைத்தலைவி அம்மையார் எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கள் அம்மா. அவர்கள் கேட்பது உங்களுக்குக் கேட்டதா? நானே திருப்பிச் சொல்கிறேன். "சார், எனக்கு மட்டும் தெரியாதா? விளக்குவார்னு எழுதினா ஒரு வினாத்தாள் போதும். செய்வார்னு எழுதினா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோயாளி வேணும். தன் தொண்டையை நம்பிக் குடுக்க யார் வருவாங்க?"

நியாயமான கேள்வி. நேர்மையான கேள்வி. இதே கேள்வியை நேற்று மாலை நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஏன்டா, நான் எதுக்கு இருக்கேன்? அனுப்பு. ஒவ்வொருத்தரா அனுப்பு. அந்தத் தெரபிஸ்ட் பக்கத்துல நிக்கட்டும். எப்படியும் நான் தினம் சாப்பிட்டுத்தானே ஆகணும்?"

வேண்டாம் என்றேன் அம்மா. ஒருமுறை பார்த்த கண் இது, இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது என்றேன். கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. "உன் பயமெல்லாம் என் ஒரு கட்டிலுக்குத்தான்டா. அந்தப் பிள்ளைங்க போகப்போற வீட்டுலெல்லாம் படுத்திருக்கிறவங்களுக்கு யாருடா பயப்படுவா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறிவிப்பு முடிந்துவிட்டது. அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

ஆகவே முதல்வர் ஐயா, அம்மையார் அவர்களே, பொறுமையோடு கேட்ட பெரியோரே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வரியை மாற்றுங்கள். மாற்றிவிட்டு, நாளை மதியமே முதல் மாணவியை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கதவை நான் திறப்பேன். என் முகத்தில் பயம் தெரியும், அதை அந்த மாணவி பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே என் அக்கா நிமிர்ந்து உட்காரக் காத்திருப்பாள். வணக்கம்.