கபடி மாஸ்டரின் உயிர்

“மாஸ்டரு செத்தா எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போவ மாட்டாரு. இப்பவே சொல்லிட்டேன்.”

திருப்போரூரில் மாமல்லபுரம் பஸ் கிளம்பியதும், என் முன் சீட்டில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மாள் பக்கத்துக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னாள். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் படகு இறக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் யார் இந்த மாஸ்டர்?

“அய்யோ அத்தே, அது நான் போன்ல எழுதுற கதை. நெஜமா அப்படி ஒருத்தர் கெடையாது.”

“அது எங்கூட்டுக்காரருக்கும் தெரியும். தெனம் நான்தான படிச்சுக் காட்டுறேன்? மாஸ்டருக்கு ஜொரம்னு எழுதினியே, மறுநாள் படக எடுக்கவே அவருக்கு மனசு வரல.”

“மாஸ்டர் இல்லாமலே அந்தப் பொண்ணு ஜெயிக்கணும் அத்தே. அதுக்குத்தான் அவர சாவடிக்கிறேன்.”

“பெத்த தகப்பனா அவரு? வூட்ட வுட்டு ஓடியாந்த பொண்ணுக்குக் கபடி கத்துக் குடுத்துட்டு, அவ மேட்ச் ஆடிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் சோறு துன்னாம குந்திகினு கீறாரு. அதக் கேட்ட அன்னிக்குத்தான் எங்கூட்டுக்காரரு எங்க பொண்ணு கலாவுக்குப் போன் போட்டாரு. அவ இஷ்டத்துக்குக் கட்டிகினு போனப்புறம் அதான் மொத தபா.”

அந்தப் பெண் கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“கலாக்கா இன்னா சொன்னாங்க?”

“இன்னும் எடுக்கல. இவரும் கதை கேட்டு முடிச்சதும் தெனம் போட்டுப் பாக்குறாரு. அவ எடுக்குற வரைக்குமாவது மாஸ்டர உசுரோட வெய்டி.”