கருவனத்தில் ஒரு ஒத்திகை

— ஜெஸி, நில்லு! கால்ல என்னமோ ஊருது. பாம்பா?

— ரப்பர் சருகாக்கும். உதறிட்டு நடங்க. மூணு நாவல் முழுக்கக் கருவனம், கருவனம்னு எழுதின விஜயதாஸ் சார், சருகைக் கண்டா இப்பிடித் துள்ளுறீளே!

— மெதுவாப் பேசு, ஆருக்காவது கேக்கும். நாளைக்கு நாகர்கோவில்ல இருந்து வாசகர்கள் வாறாங்க. "கருவனத்தினூடே ஆசிரியருடன் ஒரு நடை." ஆசிரியருக்கு வழி தெரியாண்டாமா? அதுக்குத்தானே இந்த ஒத்திகை.

— சுகருக்கு நடக்கணும்னு டாக்டர் நம்ம ரெண்டு பேருக்கும்தான் சொன்னாரு. நான் இத்தனை வருசமா இஞ்ச நடக்கேன். நீங்க போர்வைக்குள்ள கெடந்துட்டு, "இண்ணைக்கு என்னடி கண்டே"ன்னு கேட்டுக் கேட்டு எழுதினீங்க.

— அதுக்குப் பேரு கற்பனை. செரி, அருவி எங்க? "பாறையின் நெஞ்சைப் பிளந்து வீழும் வெண்ணிற ஆவேசம்." அதைத்தான் முதல்ல காட்டணும்.

— இன்னா, உங்களுக்க முன்னாடிதான்.

— இது பைப்பு!

— பைப்புதான். பைப்பு பொட்டி ஒடைஞ்சு தண்ணி சாடுதுன்னாக்கும் நான் சொன்னேன். நெஞ்சைப் பிளந்தது நீங்க.

— கர்த்தாவே! அப்ப அந்தச் சிதைந்த அரண்மனை? இளவரசி தூக்குல தொங்கின மண்டபம்?

— அங்க தகரம் போட்டிருக்குல்லா, வேதமணி அண்ணனுக்க கோழிக்கூடு. மோந்து பாத்தாலே தெரியும்.

— "இருண்ட கானகத்தின் ஆன்மா"ன்னு சொல்லி எனக்கு விருது தந்தாங்கடி. இந்தக் கோழிக்கூட்டை எந்த முகத்தை வச்சுக் காட்டுவேன்? எனக்க மானமே போச்சு!

— சாரமில்ல, விடுங்க. இஞ்ச பாருங்க, அந்த அயனி மரத்தில. மரங்கொத்தி! தலை செக்கச் செவேல்னு. தடியில காதை வச்சா, அது கொத்துறது உள்ள கேக்கும். வாங்க, வச்சுப் பாருங்க.

— எறும்பு இருக்கும். ஏட்டி... வழி கிடைச்சாச்சு ஜெஸி! காட்டை அழிச்சிட்டாங்கன்னு சொல்லிடுவேன்!

— ஆரு அழிச்சா?

— வளர்ச்சி! "இங்கே ஒரு கானகம் இருந்தது நண்பர்களே. அருவி இருந்தது. மனிதப் பேராசை அதைக் குழாய்க்குள் அடைத்துவிட்டது." இந்த இடத்தில நிறுத்திக் கண்ணைத் துடைப்பேன். எப்பிடி?

— கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. வேதமணி அண்ணன் கேட்டா உங்க மண்டையை ஒடைப்பாரு. அவருக்க அப்பன் காலத்தில இருந்தே இது ரப்பர் நட்ட வெளையாக்கும்.

— அவரு என்ன, நாவலா வாசிக்கப் போறாரு? வாசகர்கள் அழுவாங்க. எனக்கு அது போதும்.

— அவங்க அழுதாச்சு.

— என்னது?

— தேதி மாறிப்போச்சாம். நேத்து நீங்க நெய்யாற்றின்கரையில பாராட்டுக் கூட்டத்துக்குப் போன நேரம், பாறசாலையில ரயில் இறங்கி நேரா வீட்டுக்கு வந்துட்டாவ. வந்த ஆளுவள சும்மா அனுப்ப முடியுமா? நான்தான் கூட்டிட்டு வந்து காட்டினேன்.

— பைப்பையா?

— பைப்பையும்தான். ஒரு பொண்ணு அதைக் கும்பிட்டா, கேட்டீளா? கோழிக்கூட்டுக்க முன்னாடி எல்லாரும் தலையைக் குனிஞ்சு நின்னாவ, செத்துப்போன இளவரசிக்காக. பின்ன, அயனியில ஒவ்வொருத்தரா காதை வச்சாவ. அங்கேருந்து ஒருத்தரும் அனங்கமாட்டேங்காவ. "அம்மா, இது நாவல்ல இல்லியே"ன்னு கேட்டாவ.

— நீ என்ன சொன்னே?

— உள்ளதைச் சொன்னேன். நடக்கது நான், எழுதுறது அவருன்னு.

— முடிஞ்சுது! எனக்க சங்கதி முடிஞ்சுது. அப்ப நாளைக்கு ஆரும் வரப்போறதில்ல. பின்ன எதுக்குடி என்னை இந்தக் காட்டுக்குள்ள இழுத்துட்டு வந்தே?

— அவங்ககூட புஸ்தகம் போடுற சாரும் வந்திருந்தாரு. அடுத்த நாவலை என்னைய எழுதச் சொல்லிட்டாரு. காட்டைக் கண்டா பயப்படுற ஒரு எழுத்தாளனுக்க கதையாக்கும். அந்த ஆளு நடக்குறதை ஒருக்கா கண்ணால பாத்துருவோம்னு நெனச்சேன்.