சித்தியின் டியூட்டி முடியும் வரை

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் சைவமா என்பார்கள், அடுத்து கல்யாணம் ஆகிவிட்டதா என்பார்கள். நானும் ஹம்ஸாவும் இரண்டுக்கும் ஆமாம் என்றோம். மஞ்சள் கயிற்றை அவளே வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடம் நிம்மதியாக இருந்தோம்.

அன்று காலை அவளுக்கு அடிவயிற்றில் வலி. நாள் தள்ளி மூன்று வாரம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். ஆட்டோவில் பாலம் தாண்டி முதலில் வந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே என் சித்தி அக்னஸ் ஹெட் நர்ஸ். வாசலிலேயே கயிற்றைக் கழற்றச் சொன்னேன். கழற்றிக் கொடுத்தாள்.

"யாருடா ஆசீர் இந்தப் பொண்ணு?"

"கூட வேலை பாக்குறவங்க, சித்தி."

"ஏன், உங்க ஆபீஸ்ல பொம்பளைங்களே இல்லையா? நீதான் தாங்கிப் புடிக்கணுமா?" என்று சித்தி சிரித்தார்.

கர்ப்பமாக இருக்குமா என்பதை நம் ஊர் டாக்டர்கள் ஒரே விதமாகத்தான் கேட்பார்கள். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

சித்தி பக்கத்திலேயே நின்றார். ஹம்ஸா என்னைப் பார்த்தாள். "இல்லங்க டாக்டர்" என்று நான் சொன்னேன். அதற்குமேல் கர்ப்பமா என்று யாரும் சோதிக்கவில்லை. வாயுவாக இருக்கும் என்று ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள்.

"சொல்லிடலாம் ஆசீர். முடியல."

"ரெண்டு மணிக்குச் சித்தி டியூட்டி முடிஞ்சு போயிடுவாங்க. அப்புறம் சொல்றேன்."

"சரி" என்றாள். பொறுமைசாலி. அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகாலுக்கு நினைவு தப்பியது. கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து வயிறெல்லாம் ரத்தம் என்றார்கள். அவள் பிழைக்கவில்லை. சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு டியூட்டி அறைக்குப் போய்விட்டார்.

நீங்கள் கேட்குமுன் இதையும் சொல்லிவிடுகிறேன். மணப்பாறையில் எங்கள் மாதா கோயிலில், லின்சி என்ற பெண்ணோடு எனக்கு நிச்சயமான கல்யாணத்துக்கு இரண்டு ஞாயிறு ஓலை வாசித்து ஊரறிய அறிவித்திருந்தார்கள்; மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம். ஹம்ஸாவுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தால் அவள் பிழைப்பாள், மூன்றாவது ஓலை நின்றுவிடும். இரண்டும் தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். யாரும் எழவில்லை. நான் முழந்தாளிட்டு ஹம்ஸாவின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்டேன். என்னைப் போல அவளை நேசித்தவர்கள் யாரும் இல்லை.